ஜோடித் தீனி

என் பிரியமானவளுக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்றுதான் தினமும் போனில் சொல்கிறாய். மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதி மெயிலில் அனுப்புகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் எலிகள் என் உயிரை வாங்குகின்றன. ஒரு பி வைட்டமினை நீக்கிய தீனியைத் தின்றவற்றுக்கு ரோமம் நரைத்துவிட்டது. வெளிப்பார்வைக்கு ஓடியாடிக்கொண்டுதான் இருந்தன. குளிரறையில் வைத்ததும் சுருண்டுவிட்டன. அறுத்துப் பார்த்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல இருக்கும் அட்ரினல் சுரப்பியில் இரத்தக்கசிவு. நெருக்கடியில் உடம்புக்குக் கைகொடுக்க வேண்டிய சுரப்பி அது. நீ இருப்பதும் குளிர் ஊர். என் புத்தி வேறு எங்கே போகும், சொல்.

நம் மகளுக்கு ஒருநாள் ஜோடித் தீனி பற்றிச் சொன்னேன். வைட்டமின் குறைந்த எலிக்குப் பசி மந்தித்துவிடும். சுரப்பி கெட்டது வைட்டமின் இல்லாமலா, பட்டினியாலா என்று குழப்பம் வரும். அதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி வைப்போம். ஜோடிக்கு நல்ல தீனிதான். ஆனால் வைட்டமின் குறைந்த எலி தின்ற அளவுக்குமேல் ஒரு துணுக்குகூடத் தரமாட்டோம். பாவம்ப்பா அது என்றாள். நான் சிரித்துவிட்டு எழுந்துபோனேன்.

போன வாரம் பள்ளி மைதானத்தில் தலைசுற்றி விழுந்துவிட்டாள். பயப்படாதே, இப்போது பரவாயில்லை. நோய் ஒன்றுமில்லை, சாப்பாடு போதவில்லை என்றார் டாக்டர். இன்று உட்கார வைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா எவ்ளோ சாப்பிடறாங்களோ அவ்ளோதான் எனக்கும். நான் அம்மாவோட ஜோடி" என்றாள்.

போனைத் தனியாக எடுத்துக்கொண்டு போவாளே, அப்போது உன்னிடம் கேட்டிருக்கிறாள். வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று என்னிடம் சொல்கிற நீ, அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறாய். டீயும் ரெண்டு பிஸ்கட்டும். அப்பாகிட்ட சொல்லிடாதே என்று சத்தியம் வேறு.

எனக்குக் கோபம் வந்தது. உன்மேலா, எலிக்கதை சொன்ன என்மேலா, தெரியவில்லை. பரிமாறினேன். அம்மா சாப்பிட்டாத்தான் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். பிடிவாதத்தில் உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

புது வேலை, மேலதிகாரி கழுத்தறுக்கிறார், எல்லாம் தெரியும். அவர் முறைத்தால் முறைக்கட்டும், எழுந்துபோய்ச் சாப்பிடு. சாப்பிடாமலே சாப்பிட்டதாகச் சொல்லாதே, உன் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். முடியவில்லையென்றால் வந்துவிடு. யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு அவளைக் கூப்பிடு. தட்டை மூடி வைத்துவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நானும் இன்னும் சாப்பிடவில்லை.

நீ நன்றாயிருக்க வேண்டும்,
உன் ஜோடியின் அப்பா