கூடவே வந்த ஒரு வார்த்தை

6-7-1964, திங்கள்
இன்று பதினோரு கடிதங்கள். பாண்டுப் தொழிற்சாலையில் சேர்ந்த ஐந்து மாதத்தில் இதுதான் அதிகம். மானேஜர் கானிட்கர் சாகேப் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, டைப் அடித்து, மாலைக்குள் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். “ஒரு தப்புகூட இல்லை, மிஸ் ஷ்யாமளா” என்றார். ஆகஸ்டில் வேலை நிரந்தரமாகிவிடும்.

14-7
பாய்லர் ஆள் பூதத்தானை நீக்கிவிட்டார்கள். வால்வை மூட மறந்ததற்குப் பத்து நாள் சஸ்பெண்டுதான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். ‘கிராஸ் நெக்லிஜென்ஸ் என்று நீங்களே எழுதியிருப்பதால் விதிப்படி நீக்கம்’ என்கிறது ஹெட் ஆபீஸ். வெறும் அலட்சியம் என்றால் சஸ்பெண்டு. பெரும் அலட்சியம் என்றால் வீட்டுக்கு.

15-7
சுருக்கெழுத்து நோட்டைப் புரட்டினேன். பூதத்தானைப் பற்றி ஆறாம் தேதி ஹெட் ஆபீசுக்குப் போன கடிதத்தில் சாகேப் சொன்னது ‘நெக்லிஜென்ஸ்’ மட்டும். ‘கிராஸ்’ நான் போட்டது.
மாதுங்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பிரம்மநாயகம் சார் இரண்டையும் சேர்த்தே எழுதிப் பழக்கினார். ‘ரெயின்’ என்றால் ‘ஹெவி’, ‘ரிக்ரெட்’ என்றால் ‘டீப்’. விரல் தானாகத் தட்டிவிட்டது.
விரலா? நான்தானே?

17-7
பூதத்தான் மனைவி பூமாரி தாராவியிலிருந்து வந்து கேட்டில் நனைந்துகொண்டு நின்றாள். “ஏம்மா, ஒரு வால்வு மூடாததுக்கா வேலய விட்டுத் தூக்குவாவ?”
எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியாதாம்! எப்படி வாய் வந்தது எனக்கு? சொன்னா என் வேலை போயிடும்... அப்பா ரிடையராகி வீட்ல இருக்கார்... அதுக்காக?

20-7
சாகேபிடம் சொன்னேன். நோட்டைப் பார்த்தார்.
“நானும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். சேர்ந்தே வரும் வார்த்தைகள், கண்ணில் படவில்லை. இப்போது திருத்தினால் என்னைக் கேட்பார்கள். விட்டுவிடு.”

21-7
விடவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து இணைத்து, நானே ஹெட் ஆபீசுக்கு எழுதிப் போட்டேன்.

13-8
பூதத்தானுக்குப் பத்து நாள் சஸ்பெண்டுதான். அதுவும் கழிந்துவிட்டதால் நாளை முதல் வேலைக்கு வரலாம். எனக்கு வேலை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

16-8, ஞாயிறு
பூமாரி விலாசம் விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டாள். “நீங்க எழுதிப் போட்டுத்தான் வேல கெடச்சுதுன்னு மேஸ்திரி சொன்னாவ. நல்லா இருக்கணும் தாயி” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அந்த வார்த்தையைப் போட்டதும் நான்தான் என்று மேஸ்திரி சொல்லவில்லை போலும்.
“காபி குடிச்சுட்டுப் போம்மா” என்றேன். குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை.