பொட்டு வைத்த துவக்கு

அத்தான்,

நேற்று அக்காவைப் பார்க்க விட்பிக்கு, உங்கள் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து அக்கா குழம்பு வைக்கத் தொடங்கியிருந்தாள். மிளகாய்த்தூள் எடுத்து வரச் சொல்லி, கழுத்துச் சங்கிலியிலிருந்து ஒரு சாவியைக் கழற்றித் தந்தாள். தூளுக்கு எதற்குச் சாவி என்று யோசித்துக்கொண்டே நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்றுக்கு இறங்கினேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உங்கள் இரும்புப் பெட்டி நின்றது. துவக்கை, அந்தத் துப்பாக்கியை, வைத்துப் பூட்டுவதற்கென்று நீங்கள் வாங்கிய அதே ஒடுங்கிய, உயரமான பெட்டி. திறந்தேன். துவக்கு நின்ற இடத்தில் மிளகாய்த்தூள் போத்தல்கள், பெருங்காயம், மூன்று பைகளுக்குள் சுற்றிய கருவாடு. மருமகளுக்கு மணம் ஒத்துக்கொள்ளாதாம். அரசாங்கம் துவக்கைப் பூட்டச் சொன்ன பெட்டி கருவாட்டையும் அடக்கிவிடும் என்று அக்காவுக்கு ஒரு நம்பிக்கை.

ஆனால் என் மூக்கில் முதலில் ஏறியது கருவாடு இல்லை. துவக்குக்குப் போடும் எண்ணெயின் மணம். நீங்கள் பழைய பெனியன் துண்டால் துடைத்துத் துடைத்து அந்த இரும்புக்குள்ளேயே ஊறவைத்த மணம். படியில் அப்படியே இருந்துவிட்டேன். மேலேயிருந்து அக்கா, "என்னடி, தூள் இடிச்சே கொண்டு வாறாய்?" என்று கேட்டாள்.

உங்களைப் பற்றிப் பகிடியாக எழுதச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். ஒன்றுகூடல்களில் மைக்கைப் பிடித்தால் விடாத எனக்கு இது ஒன்றுதான் வரவில்லை. சரி, உங்களுக்கே சொல்லிப் பார்ப்போம் என்று இருக்கிறேன்.

எங்கள் சனம் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடுகள் வாங்கிக் குவித்த காலத்தில் நீங்கள் ஸ்ரௌவ்வில்லையும் தாண்டிப் போய், பாழடைந்த ஒரு வீட்டோடு காணி வாங்கினீர்கள். அதைப் பற்றி ஸ்காபரோவில் பேசாத வாய் இல்லை. மனுசனுக்கு ஊர் ஞாபகம் பிடித்துவிட்டது என்றார்கள். ஊரில் உங்களுக்கு ஒரு தென்னம்பிள்ளைகூட இருந்ததில்லை என்பதை நான்தான் வீடு வீடாகத் தெரியப்படுத்தினேன். டோர்செட் பார்க் தொடர்மாடியில் என் வீட்டுக்குக் கீழ்வீட்டில் இருபது வருடம் இருந்தீர்கள். பாண் பேக்கரியில் இரவு வேலை செய்துவிட்டு வந்து பகலில் நீங்கள் படுக்கும்போது, உங்கள் தலைக்கு மேலே என் பிள்ளைகள் குதித்தார்கள். அதற்கு முன்னர் யாரோ ஒருவருடைய பேஸ்மென்ற். ஏன் அத்தான் காணி என்று நான் கேட்டதற்கு, "தலைக்கு மேல ஒருத்தற்ற காலும் இல்லாமல் கொஞ்சக் காலம் இருந்து பாக்கவேணும்" என்றீர்கள். என் பிள்ளைகளைக் குத்திக் காட்டுகிறீர்கள் என்று நினைத்து அன்றைக்குக் கோபித்துக்கொண்டேன்.

முதல் கோடையில் கத்தரி, பயிற்றை, பூசணி எல்லாம் வைத்தீர்கள். எல்லாவற்றையும் கிரவுண்ட்ஹொக் தின்றது. பூனையைவிடப் பெருத்து, பிட்டம் தடித்து, வளை தோண்டி வாழும் அந்த மண்ணிறப் பிராணியைப் பார்த்தால் எனக்கு எங்கள் சங்கத் தலைவரின் ஞாபகம்தான் வரும். அழைக்காமலே வரும். முதல் பந்தியில் இருக்கும். கம்பி வேலி போட்டீர்கள், அடியால் தோண்டி வந்தது. செடிகளுக்கு மிளகாய்த்தூள் தூவினீர்கள், உறைப்புச் சேர்ந்தது நல்லது என்பதுபோல் மீண்டும் வந்தது. மனிதக் குரல் கேட்டால் ஓடும் என்று யாரோ சொல்ல, தமிழ் ரேடியோவைத் தோட்டத்தில் நாள் முழுக்கப் பாடவிட்டீர்கள். மரண அறிவித்தல் போகும்போது அது வளை வாசலில் வந்திருந்து கேட்டதாக நீங்களே சொன்னீர்கள்.

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் காணி தொடக்கத்திலிருந்தே பிடிக்காது. கோயிலுக்கு ஒரு மணித்தியாலம், மனிசரைப் பார்க்க ஒரு மணித்தியாலம். உரிந்த பூசணிக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் தவணை சொன்னாள். "அடுத்த கோடையும் இப்பிடி வெறுங்கையோட நிண்டால் வித்துப்போட்டு மகனிட்டப் போறம். ஓமோ?"

நீங்கள் ஓம் என்றீர்கள். மகன் வீட்டில் காலியாக இருந்தது பேஸ்மென்ற் மட்டும்தான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

பக்கத்துக் காணி வெள்ளைக்கார விவசாயிதான் வழி சொன்னார். இருபத்திரண்டு என்று சொல்லும் சின்ன ரவைத் துவக்கு ஒன்று வாங்கு, இங்கே எல்லாரும் அதுதான் வைத்திருக்கிறோம் என்று, கடையில் மண்வெட்டி வாங்கச் சொல்வதுபோல் சொன்னாராம். நீங்கள் என்னிடம் வந்து அதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். நாங்கள் அந்தச் சொல்லை என்றைக்குத்தான் உரத்துச் சொல்லியிருக்கிறோம். நான் இரகசியத்தைக் காப்பாற்றி ஒரேயொரு ஆளிடம்தான் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு அன்ரி என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்து, "உங்கட அத்தான் ஆயுதம் வாங்கிறாராம், ஆரோட பிரச்சினை?" என்று கேட்டா. பூசணிக்காய்ப் பிரச்சினை என்றேன். நம்பவில்லை. அந்தக் கதை கடைசியில் உங்கள் சம்பந்தி வீட்டுச் சண்டையாக உருமாறி எனக்கே திரும்பி வந்தது.

லைசென்சுக்கான வகுப்புக்கு உங்களை ஏற்றி இறக்கியது நான். வேட்டைக்குப் போகிற இளந்தாரிகளுக்கு நடுவில், பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போய் இருந்தீர்கள். முடிந்ததும் படிப்பித்த மனிதர் காருக்கு வந்து என்னிடம், இத்தனை பேரில் ஒருமுறைகூடக் குழல் வாயை ஒருவர் பக்கமும் திருப்பாதவர் இவர்தான், முன்பு பட்டாளத்தில் இருந்தவரோ என்று கேட்டார். நான் பகிடிக்கு வாயெடுத்தேன். நீங்கள் முன் சீட்டில் பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, தமிழில், எனக்கு மட்டும் சொன்னீர்கள்: "எனக்கு இதுவரைக்கும் அதின்ர வாய்தான் தெரியும். இப்பதான் மற்றப் பக்கம் பாக்கிறன்."

எந்தக் காலத்தில், எவருடைய துவக்கு என்று நான் கேட்கவில்லை. ஊரில் அது எல்லாரிடமும் இருந்த சண்டைக்காலம்தானே.

பிறகு லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. இந்த நாட்டில் புருசன் துவக்கு வாங்குவதென்றால் பெண்சாதியையும் விசாரிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. உங்கள் கணவர் கோபக்காரரா, அவருக்கு நீங்கள் பயமா என்று கேட்டார்களாம். அவர்தான் தனக்குப் பயம் என்று சொல்ல அக்கா தன் ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, "ஹீ அஃப்ரெய்ட் மீ" என்று சொல்லிவிட்டாள். நீங்களும் நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் மட்டும் போனை வைத்துவிட்டு வெகுநேரம் கதிரையில் இருந்தாள். கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லையடி என்று பிறகு என்னிடம் சொன்னாள். வேண்டாம் என்று ஒரு சொல் அவள் சொல்லியிருந்தால் உங்கள் அலுவல் சரிவந்திராது. அவள் அதைச் சொல்லவில்லை.

கடைக்கும் நான்தான் கூட வந்தேன். தூண்டில், தொப்பி, மான் தலை எல்லாம் தொங்கிய கடை. எதற்கு என்று கடைக்காரப் பெடியன் கேட்க, கிரவுண்ட்ஹொக் என்றீர்கள். அவன் தலையாட்டிவிட்டு, மெல்லியதாய் ஒன்றை எடுத்து, திறந்து வெறுமையென்று காட்டிவிட்டுக் கவுண்டரில் வைத்தான். நீங்கள் அதைத் தொடவில்லை. உங்களுடைய இரண்டு கைகளும் தாமாகவே எழும்பி, கவுண்டர்க் கண்ணாடியில் விரல் விரித்து, உள்ளங்கை படிய இருந்தன. தூக்கிப் பாருங்கள் சேர், என்றான் அவன். நீங்கள் அசையவில்லை. வெருட்டுகிறானோ என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தீர்கள். நான் அன்றைக்கு ஒரு பகிடியும் விடவில்லை, அத்தான். உங்களுடைய ஒரு கையை எடுத்து அந்த மரப்பிடியில் வைத்துவிட்டேன். அது குளிர்ந்திருந்தது. உங்கள் கைதான்.

இரண்டாவது கோடை வந்தது. பூசணி கைப்பிடி அளவு வந்த ஒரு சனிக்கிழமை நானும் அங்கே நின்றேன். மாலை வெயில். வீட்டின் பின்பக்கத்தில் கதிரை போட்டு, வகுப்பில் சொன்னபடி பின்னால் மண்மேடு இருக்கும் திசை பார்த்துத் துவக்கோடு இருந்தீர்கள். ரவைப் பெட்டி இன்னும் பிரிக்காமல் மடியில் இருந்தது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு. என் மூச்சின் சத்தம் எப்படியென்று உங்களுக்குத் தெரியும்.

அது வந்தது. கொடிக்குள்ளால் உருண்டு வந்து ஒரு பிஞ்சைக் கடித்தது. நீங்கள் ரவைப் பெட்டியைத் தொட்டீர்கள். அந்தச் சின்னச் சரசரப்புக்கு அது திடுக்கிட்டு, பின்னங்காலில் நிமிர்ந்து எழும்பி, முன்னங்கால்கள் இரண்டையும் நெஞ்சுக்கு மேலே தூக்கிக்கொண்டு உங்களையே பார்த்து நின்றது. அசையவில்லை. நல்ல இலக்கு, கண்ணில்லாதவருக்கும் தப்பாது.

"பாரும்," என்றீர்கள் மெதுவாக. "கையைத் தூக்கிக்கொண்டு நிக்குது."

அது பயத்தில் நிற்கவில்லை அத்தான், வேவு பார்க்கிறது, இந்தச் சாதியின் பழக்கமே அதுதான் என்று நான் விளங்கப்படுத்தினேன். நீங்கள் துவக்கை மடியில் படுக்கவைத்துவிட்டீர்கள். "ஓம். அவங்களுக்கும் ஆராவது இப்பிடி எடுத்துச் சொல்லியிருக்கலாம்," என்றீர்கள். அவங்கள் யாரென்று அப்போதும் சொல்லவில்லை. அது நாலுகாலில் இறங்கி மிச்சப் பிஞ்சையும் தின்று முடிக்கும்வரை மூன்று பேரும் இருந்தோம்.

அக்காவிடம், இன்றைக்கு அது வரவில்லை என்று சொன்னீர்கள். ஆவணி முழுவதும் அது வரவில்லை என்றே சொன்னீர்கள். தோட்டம் வெறுந்தண்டாய்ப் போய்க்கொண்டிருந்தது. புரட்டாதியில் அக்கா வீடு விற்கிற ஏஜென்ரைக் கூப்பிட்டாள். அப்போதே உங்களுக்குச் சாப்பாடு இறங்குவது குறைந்திருந்தது. தோட்டக் கவலை என்று நாங்கள் நினைத்தோம்.

அந்த வருட ஆயுத பூசைக்கு வந்தேன். வழக்கமாக சுவாமித் தட்டுக்கு முன்னால் அக்கா வைக்கிற ஆயுதங்கள் கத்தரிக்கோல், தேங்காய் துருவும் மெசின், கார்ச் சாவி, உங்கள் ஸ்குருட்ரைவர்கள். அன்றைக்கு உங்களைப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். நீங்கள் விசைப் பூட்டைக் கழற்றாமலே துவக்கைக் கொண்டுவந்து பட்டுத் துணியில் கிடத்தினீர்கள். எங்கள் பரம்பரையில் முதல் தடவையாக ஆயுத பூசைக்கு ஆயுதம் கிடைத்திருக்கிறது என்று நான் தொடங்கினேன். அக்கா சந்தனத்தைத் தொட்டு மரப்பிடியில் வைத்தாள். அதன்மேல் குங்குமம்.

"ஒண்டையும் சுடாத துவக்கு," என்றாள், உங்களைப் பார்க்காமலே. "இதுக்குப் பொட்டு வைக்காமல் வேற எதுக்கு வைக்கிறது."

நீங்கள் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவளுக்குத் தெரியும் என்பது உங்களுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். இனி அவள் காணியை விற்கமாட்டாள் என்று நான் ஒரு நிமிடம் நம்பினேன். தட்டை இறக்கிவைத்துவிட்டு, ஏஜென்ற் செவ்வாய்க்கிழமை வாறார், வாசலைக் கூட்டிவிடுங்கோ என்றாள். இரக்கமில்லாமல் இல்லை. அவளும் களைத்துப்போனாள்.

வாசலைக் கூட்டிய கையோடு விழுந்தீர்கள். ஈரலில் தொடங்கியது எங்கெல்லாமோ போயிருந்தது. தை மாதத்தை நீங்கள் காணவில்லை.

துவக்கை வைத்திருக்க எங்கள் ஒருவருக்கும் லைசென்ஸ் இல்லை. பொலிசுக்குச் சொன்னோம். வந்தவன் நல்ல பிள்ளை, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தான். ரவைப் பெட்டி ஒட்டுப் பிரிக்காமல் இருப்பதைப் பார்த்து, புதிதா என்றான். ஓம் என்றேன். பிறகு துவக்கைத் திருப்பிப் பார்த்தவன் நின்றுவிட்டான். மரப்பிடியில் காய்ந்து கறுத்த சிவப்பு. கையுறை விரலால் காட்டி, இது இரத்தமா என்று கேட்டான்.

"நோ, நோ," என்றாள் அக்கா. "கோட்."

கடவுள் என்றது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பூசை, பொட்டு, சந்தனம், மரக்கறி என்று நான் அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். பதிவதற்கு முன் துடைக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டான். அக்கா தலையாட்டினாள். அவன் துடைத்த ரிஷ்யூக் கடதாசியை எறிய இடம் தேடியபோது நான் வாங்கிக்கொண்டேன். அது இன்னும் என் கைப்பைக்குள் கிடக்கிறது. பார்க்கிங் துண்டு தேடும்போதெல்லாம் அதுதான் கைக்கு வருகிறது. எண்ணெய் கலந்ததாலோ என்னவோ, விரலில் இன்னும் ஒட்டுகிறது.

நேற்று அந்தப் படியில் இருந்தபோது, தலைக்கு மேலே பேரன் ஓடித்திரிந்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரும்புப் பெட்டிக் கதவு நடுங்கியது. அக்காவின் கட்டில் அதற்கு நேரே கீழே. நித்திரை வருகிறதா என்று கேட்டேன். பழகினதுதானே என்றாள்.

காணி போய்விட்டது. வாங்கினவர்கள் முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். சித்திரையில் சாவி கொடுக்க நான்தான் போனேன். பின்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று நடந்தேன். தின்ன ஒன்றுமில்லாத அந்த நிலத்தில் அது வளையை விட்டு வெளியே வந்தது. என் காலடி கேட்டதும் எழும்பி, கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"கையை இறக்கு," என்றேன். "அவர் போயிட்டார்."

அது இறக்கவில்லை, அத்தான்.