பஸ் ஏறும் முன் ஒரு பாட்டில் தண்ணீர்

திண்டிவனம் வட்டம்
ஞாயிறு

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டும், வயிற்றுப் பிள்ளை நல்லபடியாக வளர வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் நலம் என்று அடுத்த வரி எழுதப் பார்த்தேன், வரவில்லை. கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காமல் பாதி அப்படியே நிற்கிறது, அது நிற்கட்டும். போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதோடு இது அப்பன் பெற்ற பெண்ணிடம் வாயால் சொல்கிற விஷயமும் இல்லை. எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், படித்ததும் அழித்துவிடு.

எல்லாம் நல்லாப் போய்க்கினு இருக்குது என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். எட்டாம் மாசத்துக்காரியிடம் வேறென்ன சொல்வாள். கர்ப்பப்பை வாயில் வந்த கட்டிக்கு இருபத்தைந்து நாள் ரேடியேஷன் கரன்ட் வைக்க வேண்டும் என்றார்களே, அதில் பன்னிரண்டு முடிந்தது. ஊரிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் திண்டிவனம் வந்து, அங்கே பஸ் மாறி விழுப்புரம் ஆஸ்பத்திரியில் போய் இறங்கினால் அவள் முறைக்குச் சரியாக இருக்கும். ஒன்பதாம் நாளிலிருந்து வயிறு கழிய ஆரம்பித்தது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கரன்ட் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று கணக்குப் போடுகிற அன்புச்செல்வி என்ற பெண் என்னைக் கூப்பிட்டு கம்ப்யூட்டரில் காட்டினாள். உன் அம்மா வயிற்றின் படம், நடுவில் சிவப்பு, சுற்றி மஞ்சள், பச்சை, நீலம். சிவப்பில் முழுசாக விழுமாம், நீலத்தில் கொஞ்சம்தானாம். மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா குடல் மேல ஒதுங்கிக்கும், அப்படி நிறைஞ்சிருந்த அன்னைக்குத்தான் இந்த பிளான் போட்டோம், காலியா இருந்தா குடல் சரிஞ்சு சிவப்புக்குள்ள வந்துடும், தினமும் தண்ணி குடிச்சேன்னுதான் அம்மா சொல்றாங்க, ஆனா பை சுருங்கிக் கெடக்குதுங்க ஐயா என்றாள்.

அவள் குடிக்கவில்லையம்மா. முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன், பஸ் ஏறுகிற நாளில் காபிகூட அரை டம்ளர்தான். வெளியே வந்து கேட்டேன். பஸ்ஸுல போறவ எவளாவது தண்ணி குடிப்பாளா, வழியில வந்துட்டா எங்க எறங்குவேன், அடக்கிக்கினு உக்காந்து புடவையில போயிட்டா அத்தினி பேர் மூஞ்சியில எப்படி முழிப்பேன் என்றாள். போய் இறங்கிக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முறை போய்விடும், கடைசி ஆளாகச் சாயங்காலம் ஆகும், கழிச்சலோடு அதுவரை தாங்க மாட்டாள். நேரத்தை மாற்றித் தரக் கேட்டிருக்கிறேன், அறுபது பேருக்கு ஒரே மெஷின், பார்க்கிறோம் என்கிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. கார் பேசுகிறேன் என்றேன். அந்த டிரைவர்கிட்ட நிறுத்துன்னு நான் சொல்லணுமா, அதுக்கு வூட்டுலயே கெடக்குறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உயிரை விடவா உனக்கு மானம் பெருசு என்று கத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, துணைக்கு நானும் குடிக்கிறேன் வா என்று பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு பாட்டில் வாங்கினேன். நான் முழுசும் குடித்தேன். அவள் ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டு வந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்று நின்று நகர்ந்ததில் எனக்குத் தாங்கவில்லை. கண்டக்டரிடம் சொன்னேன், விசில் அடித்தார், இறங்கி முள்ளுச்செடிப் பக்கம் திரும்பி நின்றுவிட்டு வந்து ஏறினேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்து உட்கார்ந்தால் அவள் பாட்டில் காலி, ஜன்னலுக்கு வெளியே பஸ் தகரத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. இறங்கி நின்றுவிட்டு வந்தவன் எந்த வாயால் கேட்பேன். ஆச்சா என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் வெளியே பார்த்துக்கொண்டாள். அங்கே போனால் பை பாதிகூட நிறையவில்லை என்று உட்கார வைத்து மதியத்துக்கு மேல்தான் வைத்தார்கள்.

நாளைக் காலையில் மறுபடி போக வேண்டும், இன்னும் பதிமூன்று நாள். நடுவில் நிறுத்தினால் கட்டி தலையெடுக்குமாம், இப்படியே போனால் குடல் வெந்துபோகுமாம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, பயமாக இருக்கிறது. பெரியவர்கள் கட்டிக்கொள்கிற டயாப்பர் இருக்கிறது என்று அன்புச்செல்வி சொன்னாள், வாங்கி வந்து பீரோவில் வைத்து மூன்று நாளாகிறது, எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. நீ பெண், உனக்குச் சொல்லத் தெரியும். இன்று ராத்திரிக்குள் போன் பண்ணி எப்படியாவது பேசு, நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே.

உனக்குச் சுகப்பிரசவமாக அங்காளம்மன் துணையிருப்பாள், மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல். மாத்திரையை விடாதே, கடைத்தெருவுக்குப் போனாலும் தண்ணீர் குடித்துவிட்டே போ. நீ பஸ்ஸில் போய்த் திண்டிவனத்தில் படித்த ஏழு வருஷமும், காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் நிறைந்தபடியே திரும்பி வரும். அதைச் செடிக்கு ஊற்றியவன் நான்தான். ஏன் குடிக்கவில்லை என்று ஒரு நாள்கூட உன்னைக் கேட்கவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
பச்சைமுத்து