பலகையைக் கழற்றச் சொன்னவன்

இன்று காலை வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் நடந்தபோது, புதிதாய்ப் போட்ட கொங்கிறீட்டின் மேல் விரித்திருந்த ஈரச் சாக்கு மணந்தது. அப்படியே நின்றுவிட்டேன். சீமெந்து விற்றே ஆளானவன் நான். ஆனாலும் அந்த மணத்தில் உம்முடைய முகம்தான் வருகிறது. நீர் கண்மூடி நான்கு வருடமாகிறது.

பல்கலைக்கழகத்தில் செயற்றிட்ட முகாமைத்துவம் ஆராய்ந்தவர் நீர். கட்டட வேலைகள் ஏன் இழுபடுகின்றன, ஏன் பிழைத்துப்போகின்றன என்று கேட்டுத் திரிந்தீர். என் புறக்கோட்டைக் கடையில் பிளேன்ரீ குடிக்க வந்து இருக்கும்போதெல்லாம், வேலை தெரிந்தவனுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று சீண்டுவேன். நீர் கோபிப்பதில்லை. “வேலை தெரிஞ்சவன் தன்ர பிழையை ஒளிச்சுப்போடுவான். அது அடுத்தவன்ர தலையில விழும்,” என்பீர்.

கொட்டாஞ்சேனை முன்பள்ளிக் கட்டடக் கமிட்டிக்கு அப்போது நான்தான் தலைவர். முதலில் ஐயரிடம் திறப்பு விழாவுக்கு நாள் வாங்கினோம். அடுத்து அழைப்பிதழ் அடித்தோம். அதற்குப் பிறகுதான் வேலைக்கு எத்தனை நாள் மிஞ்சுகிறது என்று பார்த்தோம். அதிலும் பத்து நாளை மழை தின்றது. கொங்கிறீட் இறுகும் முன் அதைத் தாங்கிய பலகையைக் கழற்ற, கட்டட வேலைக்குத் தலைமையான மேசன் பாஸ் மறுத்தார். நான் அதட்டிக் கழற்ற வைத்தேன். முன்விறாந்தைக் கூரை இறங்கி அவருடைய வலது கை நசுங்கியது. அவசரப்பட்டது பாஸ்தான் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

நீர் குறிப்புப் புத்தகத்தோடு வந்தீர். யாருடைய பெயரும் போடமாட்டேன், நடந்ததைச் சொல்லும் என்று கேட்டீர். பாஸின் பிழை என்றே எழுதச் சொன்னேன். நீர் பேனையை மூடினீர்.

“அப்பிடி எழுதினா, அடுத்த கமிட்டி நல்ல பாஸைத் தேடுமே தவிர, விழா நாளை மாத்தாது.”

அதன் பிறகு நீர் அந்தக் கதையை எடுக்கவேயில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

போன கிழமை கோயில் மடத்துக்கான கட்டடக் கூட்டம். கூரை இன்னும் போடவில்லை. அழைப்பிதழ் மேசைக்கு வந்துவிட்டது. திறப்பு விழாவைத் தள்ளிவைப்போம் என்றேன். செயலாளர் சிரித்தார்.

“முதலாளி, அண்டைக்குப் பிழை விட்டது பாஸ் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இந்தமுறை நல்ல பாஸைப் பிடிச்சிருக்கிறம்.”

நீர் சொன்னதை அப்படியே அவர் வாயில் கேட்டேன்.

“பலகையைக் கழட்டச் சொன்னது நான்,” என்றேன்.

செயலாளர் அழைப்பிதழ்களைப் பைக்குள் வைத்தார். விழாவுக்கு வேறு நாள் பார்ப்பதாக முடிவானது.

அடுத்த நாளே உம்முடைய பழைய துறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியெடுத்த பிள்ளை, இதைப் படித்து நாலு கமிட்டியாவது தப்பும் என்று நன்றி சொன்னாள். அந்த நன்றி என்னைக் குத்தியது. கை ஆறிய பிறகும் கொட்டாஞ்சேனையில் ஒருவரும் அந்தப் பாஸை வேலைக்குக் கூப்பிடவில்லையே.

உமக்குச் சொல்ல வேண்டியதைப் பிந்தியென்றாலும் சொல்லிவிட்டேன். பாஸுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் என்னிடமே கிடக்கிறது. அவருடைய வீடு எனக்குத் தெரியும். இரண்டு தரம் படலைவரை போய்த் திரும்பிவிட்டேன்.