ஒன்பது நாள் பிசகு

ஆகஸ்ட் 21
எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும் – யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. வீட்டில் கல்லூரி முடித்தவள் நான் ஒருத்திதான். ஆனால் நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. அதனால் இந்த நோட்டு.

அப்பா இறந்ததற்காகப் பவளத்திட்டில் தடைக்கு அடையாளமான நமேலே ஓலை நட்டிருக்கிறோம். நூறு நாள் யாரும் அந்தக் கடலில் கால் வைக்கக் கூடாது. சுற்றுலாக் கப்பல் எங்கள் கரைக்கு வருவதே அங்கே முக்குளிக்கத்தான். கப்பல் நின்றதிலிருந்து அம்மாவின் கூடைகள் சந்தையில் அப்படியே கிடக்கின்றன. கப்பல் ஏஜெண்ட் டோனா, திட்டு எப்போது திறக்கும் என்று கேட்டாள். செப்டம்பர் 11 என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 29
"ஓலை புடுங்குற விருந்துக்கு, இருபதாம் தேதிக்குப் பன்னி சொல்லியாச்சு" என்றாள் அம்மா. இருபதா?

தப்பு பண்ணிட்டேன். அப்பா போன நாளிலிருந்து எண்ணியிருக்கிறேன். அடக்கத்திலிருந்துதான் எண்ண வேண்டும். நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போன அண்ணனுக்காக ஒன்பது நாள் உடலை வைத்திருந்தோமே – அது எப்படி மறந்தது? பதினொன்றாம் தேதி ஆயிரம் பேர் வந்து குதிப்பார்கள். ஓலை நட்ட இடத்திலேயே.

ஆகஸ்ட் 30
யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 2
தேதி தப்பு என்று டோனாவுக்குப் போன் செய்தேன். பிறகு அம்மாவிடம் சொன்னேன். பின்னுகிற கை நிற்கவில்லை.

"எண்ணத் தெரியாதவ நான். படிச்சவ நீ. நல்லா எண்ணினே, போ."

அப்புறம் தன் கல்யாணப் பாயை எடுத்து என் மடியில் போட்டாள். "தப்பைச் சொல்ல சித்தப்பாகிட்ட வெறுங்கையோட போய் நிக்காதே."

செப்டம்பர் 4
சித்தப்பா கல்மெட்தான் ஊர்த் தலைவர். ஊர்க்கூடத்து வாசலில் டோனா எனக்கு முன்பே வந்திருந்தாள். கப்பலை இருபதாம் தேதிக்கே மாற்றிவிடலாமாம். ஓலை பிடுங்குவதைப் பயணிகள் பார்க்க டிக்கெட், நிழலுக்குப் பந்தல்.

"கல்மெட் அண்ணே, அன்னிக்காவது பல்லு விளக்கிட்டு வா. படம் புடிப்பாங்க."

கூட்டத்தில் யாரோ இப்படிக் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நான் பாயைக் கொடுத்து, தப்பைச் சொல்லி, திரும்பிவிட்டேன். வேறொன்றும் சொல்ல இருந்தது.

அம்மா புதுக் கூடைக்கு ஓலை கிழிக்கத் தொடங்கிவிட்டாள்.

செப்டம்பர் 7
கேமராவைக் கண்டாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

செப்டம்பர் 20
கடலில் கப்பல் இல்லை. டோனா அதைப் பக்கத்துத் தீவுக்குத் திருப்பிவிட்டாள். டிசம்பர் வரை இங்கே வராது. பதினாறு கூடைகள் கூரையில் தொங்குகின்றன. கப்பல் வராது என்று தெரிந்ததிலிருந்து, பத்து நாளாக, அம்மா என்னோடு பேசவில்லை.

சித்தப்பா ஓலையைப் பிடுங்கியதும் முதலில் தண்ணீரில் இறங்கியவள் அம்மாதான். வலையில் விழுந்த முதல் மீனை என்னை நோக்கி வீசினாள். "புடிடி."

எட்டாம் தேதி திரும்பப் போய் நான் கேட்டது இவ்வளவுதான்:

"சித்தப்பா, அந்த ஒரு நாள் நாம மட்டும் இருக்கலாமா?"