எந்த ரயிலில் வருகிறாய் என்று சொல்லாதே

ஆனையூர், மதுரை
வியாழக்கிழமை

அன்புத் தம்பி பீமாராவுக்கு,

அக்கா தமிழ்வாணி எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. எனக்குச் சிம்மக்கல் கடையில் வேலை வழக்கம்போலத்தான், பில் போட்டே பொழுது போகிறது. டெல்லிக் குளிரில் ஸ்வெட்டர் போடாமல் வீடு வீடாக ஊழியத்துக்கு அலைகிறாயோ என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வரும்போது நான் இரண்டு வார்த்தையோடு எழுந்து போய்விடுகிறேனே, கோபித்திருப்பாய். அப்பா போனைப் பிடித்துக்கொண்டிருக்க, உன் கண்ணில் படாத இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். நீ பேசுவதையெல்லாம் தன் போனில் பதிந்துகொள்கிறார். அதனால்தான் இதைத் தாளில் எழுதிக் கடையிலிருந்தே கொரியரில் போடுகிறேன்.

அவர் பெயர் சிவக்குமார். அமெரிக்காவிலிருந்து வந்த உங்கள் மார்மன் கிறிஸ்தவ சபையைத் திட்டி யூடியூபில் வீடியோ போடுகிறவர். பக்கத்துத் தெரு பேச்சிமுத்து மாமாதான் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அப்பாவும் மனதில் இருப்பதை யாரிடமாவது கொட்டமாட்டோமா என்று இருந்தார். நீ அரசு வேலைப் பரீட்சைக்குப் படிப்பதை விட்டதும், ஞானஸ்நானம் எடுத்த பிறகே எங்களிடம் சொன்னதும் அவருக்கு ஆறாத புண். அதைவிட ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு உங்கள் சபை குருத்துவம் கொடுக்கவில்லையே, அதை உனக்கு முதலிலேயே சொன்னார்களா என்பதுதான் அது. சாதியை எதிர்த்து நின்ற தலைவரின் பெயரை உனக்கு வைத்தவர் அவர். அவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்?

நானும் உன்னிடம் கேட்டேன். உங்கள் ஆட்கள் எழுதிய ஒரு கட்டுரையை அனுப்பினாய். முழுவதும் படித்தேன். எல்லாச் சந்தேகத்துக்கும் அதில் பதில் இருந்தது. வாசலிலேயே நிறுத்தப்பட்டவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

சிவக்குமார் கேமராவை வைத்ததும் அப்பா வெகுநேரம் பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "யாரும் எம் மகன இழுத்துட்டுப் போகல, அவனா விரும்பித்தான் போனான்" என்றார். அந்தக் கறுப்பின மக்கள் கேள்வியையும் கேட்டார். பேச்சுவாக்கில், "மொகத்த நேர்ல பார்த்து வருசமாச்சுய்யா" என்று சொல்லும்போது உடைந்து அழுதுவிட்டார்.

வீடியோவில் அந்த அழுகை மட்டும்தான் வந்தது. 'கடத்தப்பட்ட மகன், கதறும் தந்தை' என்று தலைப்பு. அவர் கேட்ட கேள்வியைக்கூடக் காணோம். உங்கள் ஆட்கள் சுற்றி வளைத்துத் தாண்டிப் போன கேள்வியை இவர்கள் வெட்டியே போட்டுவிட்டார்கள்.

முதல் நாள் அப்பாவுக்குக் கோபம் வந்தது. "நான் சொன்னதுல பாதியக் காணோமேப்பா" என்று கேட்டார். சிவக்குமார் சிரித்துக்கொண்டே, "அம்புட்டையும் போட்டா எவன் பார்ப்பான்ணே? நம்ம பய வீட்டுக்கு வரணுமா, வேணாமா?" என்றார். பிறகு சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆட்கள் அப்பாவைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் சாப்பிடும்போதும் அந்த வீடியோவையே பார்க்கிறார். போன வாரம் என்னிடம், "அவன மயக்கித்தாம்மா கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்றார். நீங்கள்தானேப்பா ஆட்டோ பிடித்து அவனை ரயிலேற்றிவிட்டு வந்தீர்கள் என்றேன். யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, "அப்படியா சொல்ற?" என்று கேட்டார்.

உங்கள் சபை கூடும் மாடி இப்போது பூட்டிக் கிடக்கிறது. சிவக்குமாரின் ஆட்கள் எதிரே பைக்கில் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களின் முகத்தையெல்லாம் படம் எடுத்தார்கள். வீட்டுக்காரர் பயந்துபோய்க் காலி செய்யச் சொல்லிவிட்டார். உங்கள் சபைக்கு வரும் ரெங்கம்மாள் அக்காவின் ஸ்கூட்டர் சீட்டை யாரோ பிளேடால் கிழித்திருக்கிறார்கள். உன் நம்பரும் அந்த வீடியோவோடு பரவியதால்தான் உனக்கு அத்தனை வசவு வந்தது. நம்பரை மாற்றினாயே, நல்லது. ஆனால் புது நம்பர் அப்பாவின் போனில் மட்டும்தான் இருக்கிறது, அதை அவர் யார் கையிலும் கொடுப்பதில்லை.

கடைசியாக ஒன்று. அழகர்கோவில் போகிற வழியில் ஒரு தோட்ட வீடு இருக்கிறதாம். ஊழியம் முடிந்து நீ ஊருக்கு வந்ததும், மனம் தெளிகிற வரைக்கும் அங்கே தங்க வைக்கப் போகிறார்களாம். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். முன்னே அங்கே வைத்திருந்த ஒரு பையனின் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். ஏமாந்துவிட்டேன் என்று சொல்கிறான். தலை நிமிரவே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் கேமராவுக்குப் பின்னால் யாரையோ பார்த்துக்கொள்கிறான்.

பேச்சிமுத்து மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி எந்த ரயில்ல வாரான்னு மட்டும் சொல்லு தாயி" என்கிறார். நீ யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக அப்பாவிடம்.

அன்புடன்,
அக்கா தமிழ்வாணி


ஆனையூர்
திங்கட்கிழமை

பீமா,

பதினோரு நாளுக்கு முன் நான் அனுப்பிய கடிதம் பிரிக்காமலே கடைக்குத் திரும்பி வந்துவிட்டது. நீ வேறு வீட்டுக்கு மாறிவிட்டாயாம். ரெங்கம்மாள் அக்காவைத் தேடிப் போனேன். பயத்தில் போனையே அணைத்து வைத்திருக்கிறார். கதவைப் பாதி திறந்து, உன் புது முகவரியை மட்டும் ஒரு தாளில் எழுதித் தந்தார். பழைய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அதை முதலில் படி.

நேற்று நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். ரயில், பெட்டி, இருக்கை, எல்லாம். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! நான் அடுப்படியிலிருந்து கையைக் கையை ஆட்டினேன், நீ கவனிக்கவில்லை. போனுக்குப் பின்னால் சிவக்குமார் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். அழைப்பு முடிந்ததும் அப்பாவின் தோளில் கைபோட்டு, "அன்னைக்கு வரைக்கும் சவரம் பண்ணாதீங்கண்ணே, அப்பத்தான் பார்க்கிறவன் மனசுல நிக்கும்" என்றார். அப்பா சரி என்றார். மதுரை ஸ்டேஷனுக்கு இரண்டு வேன் பேசியிருக்கிறார்கள்.

காவல் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். பெற்ற அப்பா பிள்ளையை அழைத்துவரப் போகிறார், இதில் நாங்கள் என்னம்மா செய்ய முடியும் என்று கேட்டார்கள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்துபோய் உன் பழைய சட்டைகளை ஒரு பைக்குள் வைத்தாள். அப்பாவிடம் அழகர்கோவிலுக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் திண்டுக்கல் வந்துவிடுவோம். நீ மதுரை வரை வராதே, திண்டுக்கல்லில் இறங்கிவிடு. அங்கிருந்து எங்கே போவது என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன், இதில் எழுத மாட்டேன். சட்டையில் குத்தியிருக்கும் சபைப் பெயர் அட்டையைக் கழற்றிவிடு. அது உனக்குப் பெருமை என்று தெரியும். அந்த ஒரு நாளைக்கு மட்டும்.

நீ நம்புவதை விட்டுவிடச் சொல்லி இதை எழுதவில்லை. நம்புவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் பார்த்தாயா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. யாரும் உன்னைப் பூட்டி வைக்காத இடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

நாங்கள் கிளம்புவது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டால் அவரும் திண்டுக்கல் வந்துவிடக்கூடும். அம்மாவும் நானும் இல்லாமல் பிளாட்பாரத்தில் அவர் மட்டும் நின்றால் இறங்காதே. பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அழுவார். உன்மேல் உயிரையே வைத்திருக்கிறார், அது பொய்யில்லை. இருந்தாலும் இறங்காதே. மதுரைக்கு முன்னால் வண்டி வேறு எங்கே நின்றாலும் இறங்கி, எங்கேயாவது போய்விடு.

நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, அந்தச் சாமி திண்டுக்கல் வருகிற வரைக்கும் உன்னைத் தூங்கவிடாமல் அழைத்து வரட்டும்.

உன் வரவை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும்
அக்கா