அப்பா கட்டில்ல விழுந்த கல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். நான் இங்க நல்லாத்தான் இருக்கேன், வேளாவேளைக்குச் சாப்பிடறேன், தூங்கறேன், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிர்ல சுகமா இருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டே இதை எழுதறேன். உன் கடிதம் வந்துச்சு. பேப்பர்ல நம்ம வீட்டுப் படத்தைப் பார்த்துட்டுப் பதறிப்போய் எழுதியிருந்தே, கூரையில கல் விழுந்ததை ஊரே பேசுது, பெத்த பொண்ணுக்கு மட்டும் ஏம்மா சொல்லலன்னு கோவிச்சுக்கிட்டிருந்தே. மறைக்கணும்னு இல்லடி. சொல்லணும்னு தோணல, அவ்வளவுதான். அப்பா போனதுலேர்ந்து எதுவுமே யார்கிட்டயும் சொல்லணும்னு தோணமாட்டேங்குது. கையை மடக்கித் தலைக்கு வெச்சுத் தூங்கி எழுந்தா அந்தக் கை நம்மது இல்லாத மாதிரி இருக்குமே, கிள்ளினாலும் தெரியாதே, எனக்கு உடம்பு பூரா அப்படி மரத்துப்போய்க் கிடக்கு. நீ வந்துட்டுப் போனப்போவே கவனிச்சிருப்பே, நான் அழல. இன்னிவரைக்கும் அழல. உங்க சித்தி அடிக்கடி வந்து என் எதிர்ல உக்காந்து, அழுதுடுங்கக்கா அழுதுடுங்கக்கான்னு சொல்லிட்டு அவளே அழுது மூக்கைச் சிந்திட்டுப் போறா. வேலை மட்டும் நடக்குது. புது ஆஸ்பத்திரிக்கு ஸ்க்ரீன் தைக்கற ஆர்டர் வந்திருக்கு, எல்லாம் ஒரே பச்சை, ஒரே நீளம், யோசிக்கவே வேண்டாம், காலையில மெஷின்ல உக்காந்தா பொழுது போய் எழுந்துக்கறேன். அப்பா படுத்திருந்த வாடகைக் கட்டிலை இன்னும் திருப்பி அனுப்பாம வெச்சிருந்தேன். கடைக்காரருக்கு ஒரு வார்த்தை சொன்னா வந்து எடுத்துட்டுப் போயிருப்பார், சொல்லல. மத்தியானம் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கற நேரம் வந்தா கால் தானா பின்ரூமுக்குப் போகும், போய் நின்னுட்டு வருவேன்.

கல் விழுந்ததும் ஒரு மத்தியானம்தான். முதல்ல வானத்துல இடி மாதிரி ஒண்ணு, மேகமே இல்ல, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு. கொஞ்ச நேரத்துல பின்ரூம்ல தகரத்தைச் சம்மட்டியால அடிச்ச மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தா கூரைத் தகரத்துல ஓட்டை, வெயில் அது வழியா உள்ள இறங்குது. மெத்தையில ஓட்டை, அடியில இருக்கற இரும்புப் பட்டை ரெண்டு வளைஞ்சிருக்கு, கட்டிலுக்குக் கீழ கறுப்பா ஒரு கல். கைக்கு அடங்கற கல்தான், ஆனா பார்க்கறதைவிடக் கனம். சுட்டிருக்குமேன்னு அப்புறம் எல்லாரும் கேட்டாங்க, இல்ல, ஜில்லுன்னுதான் இருந்துச்சு. அதை எடுத்து ஜன்னல்கிட்ட வெச்சேன், துருவையும் பஞ்சையும் கூட்டி அள்ளினேன், திரும்பி வந்து பாதியில விட்ட ஓரத்தைத் தைச்சு முடிச்சேன். இப்போ நெனச்சா எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. மழை வந்தா ஒழுகுமேன்னுதான் தகரக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஏணியில ஏறிப் பார்த்துட்டு, இது யாரும் எறிஞ்ச கல்லு இல்லம்மா, வானத்துலேர்ந்து கல் விழுந்திருக்குன்னு வயல் வயலா தேடிக்கிட்டிருக்காங்க, நீங்க டிவியே பாக்கறதில்லையான்னார். நான் ஜன்னலைக் காட்டினேன். அவர் ஏணியிலேர்ந்து இறங்கின வேகத்தைப் பார்த்திருக்கணும் நீ. அதுக்கப்புறம் தெருவே நம்ம வீட்டுக்குள்ள வந்துடுச்சு. எதிர்வீட்டு டிரைவர், சனி பிடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், சனியே நேர்ல இறங்கிட்டாரேன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்கவெச்சார். உங்க சித்தப்பா நாற்காலியைப் போட்டுக்கிட்டு கல்லுக்குக் காவலா உக்காந்துட்டார், யாரும் தொடக்கூடாது, வெளிநாட்டுக்காரன் இதுக்குக் கொட்டிக் கொடுப்பான்னு. வந்தவங்க எல்லாரும் கட்டிலைப் பார்த்துட்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னாங்க, நல்லவேளை, அவர் போனப்புறம் விழுந்துச்சுன்னு. நானும் ஆமாம் நல்லவேளைன்னேன். வாய்தான் சொல்லுச்சு, நான் வேற எங்கயோ இருந்தேன்.

அப்புறம் ஆராய்ச்சிக் கூடத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்தா. உன் வயசுதான் இருக்கும். கையில உறை மாட்டிக்கிட்டுக் கல்லை எடைபோட்டா, லென்ஸ் வெச்சுப் பார்த்தா, பார்த்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. இது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுலேர்ந்து வந்திருக்கும்மான்னா. நான் சரின்னேன். அந்தச் சரி அவளுக்குப் பத்தல போல, என் பட்டன் டப்பாவை இழுத்து வெச்சுக்கிட்டு கட்டிங் டேபிள்மேல பாடமே நடத்த ஆரம்பிச்சுட்டா. ஒரு கோட்டு பட்டனை எடுத்து இதுதான் பூமின்னா. பூமி இவ்வளவுன்னா சூரியன் உங்க வாசக்கதவு உயரத்துக்கு ஒரு உருண்டை, அதை இங்க வெச்சா இந்தப் பட்டனைத் தெருமுனை மருந்துக்கடையில கொண்டுபோய் வெக்கணும்மான்னா. சூரியனுக்குப் பக்கத்துல இருக்கற நாலும் கல் உருண்டையாம், புதன், வெள்ளி, பூமி, செவ்வாய். புதன் காலர் பட்டன் அளவுதான். வெள்ளி கிட்டத்தட்ட நம்ம அளவு, புதனைவிடத் தள்ளி இருந்தும் அதுதான் எல்லாத்துலயும் சூடாம், காத்தும் மேகமும் கம்பளி மாதிரி போத்திக்கிட்டுச் சூட்டை வெளிய விடாதாம். அது சூரியனை ஒரு சுத்து சுத்தி ஒரு வருஷமே போயிடும், ஆனா தன்னைத்தானே இன்னும் ஒரு தடவை திரும்பி முடிச்சிருக்காதாம். அது மட்டும் எனக்குச் சட்டுன்னு புரிஞ்சுது. வியாழனுக்குப் பட்டன் ஆகாதுன்னு சமையலறையிலேர்ந்து சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்தா, இருக்கறதுலயே பெரிசு அதுதான், ஆனா பூரா வாயு, கால் வெச்சு நிக்கத் தரையே கிடையாதாம். சனிக்கு ஸ்க்ரீன் வளையத்தை மாட்டினா, நிஜத்துல அந்த வளையமெல்லாம் பனிக்கட்டித் துண்டும் தூசியும்தானாம். அதுக்கப்புறம் யுரேனஸ், நெப்டியூன், ரெண்டும் வெயில் சரியா எட்டாத இடம், நெப்டியூனை வெக்க இங்கேர்ந்து பஸ் ஏறிப் போகணும்மான்னா. சித்தப்பா சும்மா இருப்பாரா, புளூட்டோவை விட்டுட்டியேம்மா, ஒன்பதுன்னுதானே படிச்சோம்னார். அது நம்ம நிலாவைவிடச் சின்னதுங்க, அது மாதிரி அந்தப் பக்கம் இன்னும் நிறைய இருக்கு, குறுங்கோள்னு தனியாப் பிரிச்சுட்டாங்கன்னா. யாரைக் கேட்டுப் பிரிச்சாங்கன்னு இவர் சொத்துல பங்கு போன மாதிரி சண்டைக்கு நின்னார். அவ அதைக் காதுல போட்டுக்காம டப்பாவுலேர்ந்து ஒரு பிடி பாசிமணியை அள்ளி செவ்வாய்க்கும் தட்டுக்கும் நடுவுல தூவினா. கிரகமா சேராமலே போன கல்லெல்லாம் இதுதானாம், வியாழன் பக்கத்துல இருந்து இழுத்து இழுத்துச் சேரவே விடலையாம், வீடு கட்ட இறக்கின ஜல்லி கடைசிவரைக்கும் ரோட்டோரமே கிடக்கற மாதிரி. அதுல ஏதோ ரெண்டு மோதி உடைஞ்சு, ஒரு சில்லு தடம் மாறி, சூரியனை எத்தனையோ தடவை சுத்திட்டு, பூமி குறுக்க வந்தப்போ இறங்கியிருக்கு. மேல்தோல் மட்டும் உருகிக் கறுத்துடுமாம், உள்ள அந்தக் குளிர் அப்படியே இருக்குமாம். பூமி முழுசா உருவாகறதுக்கு முன்னாடியே உருவான கல்லாம், நானூத்தம்பது கோடி வருஷத்துக்கும் மேலயாம். சொல்லிட்டு என் முகத்தையே பார்த்தா. ஆச்சரியப்படணும்னு எனக்கும் தெரிஞ்சுது. டீ குடிக்கறியாம்மான்னு கேட்டேன்.

டீயைக் குடிச்சுட்டுப் பின்ரூமுக்குப் போய் ஓட்டையையும் கட்டிலையும் அளந்தா, கல் எந்தச் சாய்வுல வந்துச்சுன்னு தெரியணுமாம். அளந்துக்கிட்டே, இதுல யாரும்மா படுப்பாங்கன்னு கேட்டா. என் வீட்டுக்காரர்னேன். ஐயோ, அவருக்கு அடி ஒண்ணும் படலையே, எங்க இருக்கார்னு பதறினா. பாப்பா, அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. அப்பா போனது இங்க எல்லாருக்கும் தெரியும், உனக்கு போன் பண்ணிச் சொன்னதுகூட சித்தப்பாதான். நான் என் வாயால யார்கிட்டயும் சொன்னதே இல்ல. யாரும் கேட்டதே இல்ல. சொல்லணும்னு வாயைத் திறந்தா வார்த்தை எதுன்னு தெரியல, காலமாயிட்டார்ங்கறதா, தவறிட்டார்ங்கறதா, அதெல்லாம் வேற யார் வீட்டு அப்பாவையோ சொல்ற மாதிரி இருந்துச்சு. கடைசியில, செத்துப்போயிட்டார்மான்னேன். அவ நல்லவேளைன்னு சொல்லல. டேப்பைச் சுருட்டாம கையிலயே பிடிச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் மெதுவா, எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பார்னு கேட்டா. காட்டினேன். கல் விழுந்தது நெஞ்சுக்கு நேரா. உங்க அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியும், லிஃப்ட் மெக்கானிக்கா காலம் பூரா லிஃப்ட் குழிக்குள்ள நின்னேன், தலைமேல ஒரு நட்டுகூட விழல, வீட்டுல வந்து படுத்தப்புறம் இடம் பார்த்து விழுது பாரும்பார். அதை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன்னுதான் நெனைக்கறேன்.

கல்லை அவகிட்டயே கொடுத்து அனுப்பிட்டேன். பெரிய மனசுன்னெல்லாம் இல்லடி, அதைத் தினம் துடைச்சு வெக்க என்னால ஆகாது. சித்தப்பா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போனவர்தான், இன்னும் பேசல, நீ அவருக்கு ரெண்டு வரி எழுது, உன் பேச்சுன்னா கேட்பார். மறுநாள் கட்டில் கடைக்குச் சொல்லி அனுப்பினேன். கடைக்காரர் ஒரு ஆளோட வந்து மெத்தை ஓட்டையைப் பார்த்துட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வானத்துலேர்ந்து கல் விழுந்துச்சுங்கன்னேன். பேப்பர் படிக்கறதில்ல போல, சரிங்கம்மா சரிங்கம்மான்னு குழந்தையைச் சமாதானப்படுத்தற மாதிரி தலையாட்டினார். கட்டிலைத் தள்ளினாங்க, நகரல. குனிஞ்சு பார்த்தா கால்மாட்டுச் சக்கரம் கயிறு போட்டுக் கட்டியிருக்கு. பிரேக் நிக்காம கட்டில் நழுவுதுன்னு, படுத்த புதுசுல, அப்போ எழுந்து உக்காருவார், தன் வேலைப் பையிலேர்ந்து கயித்தை எடுத்துத் தரச்சொல்லி, கால்மாட்டுக்கு நகர்ந்து குனிஞ்சு அவரே கட்டினது. நான் மறந்தே போயிட்டேன். அறுத்துடலாம்மான்னு அந்த ஆள் கத்தியை எடுத்தார். வேண்டாம்னேன். தரையில உக்காந்து அவிழ்த்தேன். உங்க அப்பா போட்ட முடிச்சு லேசுல விடுமா, நகம் உடைஞ்சுது. கடைசியில குனிஞ்சு பல்லால கடிச்சு இழுத்தேன், ரெண்டு ஆம்பளைங்க நின்னு பாக்கறாங்க, எனக்குக் கூச்சமே இல்ல. அவிழ்ந்துச்சு. வாயெல்லாம் கிரீஸ். அப்பா வேலையிலேர்ந்து வந்து சட்டையைக் கழட்டும்போது வருமே ஒரு வாசனை, அது அப்படியே நாக்குல இருந்துச்சு. அவங்க கட்டிலைத் தூக்கிட்டுப் போனாங்க, நான் கதவைச் சாத்தினேன். அழுகை வரல பாப்பா. ஆனா பொழுது சாயற வரைக்கும் நான் வாய் கொப்பளிக்கல, தண்ணிகூடக் குடிக்கல.

குட்டிக்குக் காது வலின்னு எழுதியிருந்தே, வெளிய தூக்கிட்டுப் போனா காதை மூடு, டாக்டர் கொடுத்த மருந்தைப் பாதியில நிறுத்தாதே. மாப்பிள்ளையைக் கேட்டேன்னு சொல்லு. மூணு பேரும் நோய்நொடி இல்லாம, ஒருத்தருக்கு ஒருத்தர் ஆதரவா, நிறைஞ்சு இருக்கணும்.

உன் நெனப்போட,
அம்மா